சால்வை போதும், கையெழுத்துக்குத் துணை நில்லுங்கள்

எங்கள் சங்கத்தின் செய்திமடல் போன வாரம் வாட்ஸப்பில் வந்தது. கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் வட்டாரத்தில் சுற்றுச்சூழல் வேலை பார்ப்பவர்களுக்கான சங்கம். ஆலோசகர்கள், லேப் வைத்திருப்பவர்கள், ஆலைகளில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் (இ.டி.பி.) பார்க்கும் பொறியாளர்கள், சில பேராசிரியர்கள், மாசுக் கட்டுப்பாட்டு போர்டிலிருந்து ஓய்வு பெற்ற அதிகாரிகள் என்று கலந்துகட்டிய கூட்டம். பெயர் சொல்லப் போவதில்லை. உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியும், வெளியே இருப்பவர்களுக்கு அவசியமில்லை.

மடலில் என்ன இருந்தது? ஜூன் 5 சுற்றுச்சூழல் தின விழாவில் மரக்கன்று நட்ட படம், ஒரே கன்றைச் சுற்றி ஒரு பெருங்கூட்டம். முனைவர் பட்டம் வாங்கிய உறுப்பினருக்கு வாழ்த்து. புது லேப் திறந்தவருக்கு வாழ்த்து. பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓவியப் போட்டி. மஞ்சப்பை விநியோகம். புதிய நிர்வாகிகளுக்குச் சால்வை. பழையவர்கள் வெறுங்கையோடு போகக்கூடாதே, அவர்களுக்கும் சால்வை. இதில் எதுவும் தப்பில்லை. ஆனால் திருப்பூர்ச் சாயக்கழிவால் கெட்ட நொய்யல் ஆற்றைப் பற்றி ஒரு வரி இல்லை. பெருந்துறை சிப்காட்டைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் நிலத்தடி நீர் கெட்டுப்போனதென்று வருடக்கணக்கில் போராடிக்கொண்டிருக்கிறார்கள், அதைப் பற்றியும் இல்லை. பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் காவிரியில் கலக்கும் சாயத்தண்ணீரைப் பற்றியும் இல்லை. மேலே இருந்த சங்கத்தின் பெயரை மறைத்துவிட்டால், ஏதோ ஒரு மனமகிழ் மன்றத்தின் மடல் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

சங்கமே வீண் என்று சொல்ல வரவில்லை. எங்கள் வாட்ஸப் குழுவுக்கு இன்னொரு முகம் இருக்கிறது, அது மடலில் வருவதே இல்லை. ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு ஆலையில் கழிவுநீருக்குக் காற்று ஊதும் ஏரேஷன் டேங்க் நுரைத்துப் பொங்கும். ஷிப்டில் இருக்கும் பையன் படம் எடுத்து குழுவில் போடுவான். அடுத்த சில நிமிடங்களில் பதில்கள் வரத் தொடங்கும். ஒரு லிட்டர் ஜாடியில் டேங்கின் சேற்றுக் கலவையை (ஸ்லட்ஜ்) ஊற்றி அரை மணி நேரம் வை, எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்துச் சொல் என்பார் ஒருவர். நேற்று எந்த சாயக் குளியலைத் திறந்துவிட்டார்கள் என்று கேட்பார் இன்னொருவர். வேறொருவர் அந்த ஆலைக்கே போட்டியாக இருக்கும் ஆலையில் வேலை செய்பவர். அவரும் உட்கார்ந்து பதில் எழுதிக்கொண்டிருப்பார். கழிவுநீரைக் காய்ச்சும் எவாப்பரேட்டர் குழாயில் உப்புப் படிவது பற்றி ஒரு மாலையில் நடந்த பேச்சில் நான் கற்றுக்கொண்டது, கல்லூரியில் ஒரு செமஸ்டர் முழுக்கக் கற்றதைவிட அதிகம். இவ்வளவு அறிவு ஒரே கூரைக்குக் கீழ் இருக்கிறதே என்பதுதான் என் ஆதங்கத்துக்கே காரணம்.

நம் வட்டாரத்தின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை 1992ல் கட்டி முடிக்கப்பட்டது. ஈரோடு, கரூர் பக்கம் சுமார் 20,000 ஏக்கருக்குப் பாசனம் என்பது திட்டம். சில வருடங்களுக்குள் அது திருப்பூர்ச் சாயக்கழிவின் தொட்டியாகிவிட்டது. பருத்தித் துணியில் சாயம் ஏற வேண்டுமானால் உப்புப் போட வேண்டும், போட்ட உப்பில் பெரும்பகுதி தண்ணீரோடுதான் வெளியே போகும். நிறத்தை எடுக்கச் சுண்ணாம்பும் ஃபெரஸ் சல்பேட்டும் போதும். கரைந்திருக்கும் உப்பை அவை தொடவே தொடாது. அதனால் பார்வைக்குத் தெளிந்த தண்ணீர் வயலுக்குப் போய் மண்ணைக் கொன்றது, கிணறுகளில் இறங்கியது. ஆட்டுக்கும் மாட்டுக்கும்கூட ஆகாத தண்ணீராயிற்று.

இதை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது யார்? நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர்கள் பாதுகாப்புச் சங்கம். விவசாயிகள். அவர்களுக்கு டி.டி.எஸ்., அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவு, என்றால் என்னவென்று யாரும் வகுப்பெடுக்கவில்லை. தென்னை பட்டதைப் பார்த்துக் கிளம்பினார்கள். 2006ல் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு, 2009ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது, அப்புறமும் கழிவு நிற்காததால் 2011 ஜனவரி 28 அன்று 700க்கும் மேற்பட்ட சாய ஆலைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொல்லி உயர் நீதிமன்ற உத்தரவு. அன்றைக்குத் திருப்பூரில் எத்தனை குடும்பங்களில் அடுப்பு எரியவில்லை என்பது அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகுதான் ஜீரோ டிஸ்சார்ஜ், அதாவது கழிவுநீரை வெளியே விடாத முறை, நிஜமாக நடைமுறைக்கு வந்தது. ஆர்.ஓ. வடிகட்டியில் நல்ல தண்ணீரைப் பிரித்துத் திரும்ப ஆலைக்கே கொடுப்பது, மிஞ்சும் உப்புத் தண்ணீரை எவாப்பரேட்டரில் காய்ச்சுவது, அதில் கிடைக்கும் உப்புக் கரைசலையும் சோடியம் சல்பேட் உப்பையும் மறுபடி சாயத்துக்கே பயன்படுத்துவது. இன்றைக்கு வெளிநாட்டிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். நியாயமான பெருமைதான். காய்ச்சுவதற்கு எரிக்கும் விறகும், யாரும் வாங்காத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகக் குவிந்து கிடப்பதும் பெருமைப் பேச்சில் வருவதில்லை என்பது வேறு விஷயம்.

என் கேள்வி இதுதான். 1992க்கும் 2011க்கும் இடையில் அந்தத் தண்ணீரை மாதாமாதம் பாட்டிலில் பிடித்து அளந்தவர்கள் நம் ஆட்கள். எந்தக் கிணற்றில் எவ்வளவு உப்பு என்பது விவசாயிக்குத் தெரிவதற்கு முன்பே நம் லேப் ரிஜிஸ்டரில் இருந்தது. அந்த எண்கள் வாடிக்கையாளரின் சொத்து என்று சொல்லி அலமாரியில் பூட்டி வைக்கப்பட்டன. வேலூர்ப் பக்கமும் இதே கதைதான். தோல் ஆலைக் கழிவு பாலாற்றைக் கெடுப்பதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனது வேலூர்க் குடிமக்கள் நல மன்றம். மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் ஊன்றிய 1996 ஆகஸ்ட் 28 தீர்ப்பு அந்த வழக்கில் வந்ததுதான். 2025 ஜனவரியில் அதே பாலாற்றுக்காக, அதே இழப்பீட்டுக்காக, உச்ச நீதிமன்றம் மறுபடியும் உத்தரவு போட வேண்டியிருந்தது. இந்த இடைவெளியில் நம் துறையில் எத்தனை கருத்தரங்கு, எத்தனை விருது!

ஏன் வாய் திறப்பதில்லை என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. ஆலோசகருக்குச் சம்பளம் கொடுப்பது ஆலை முதலாளி. லேபுக்கு மாதிரி அனுப்புவதும் அவரே. ஆண்டு விழாவின் மதிய உணவுக்கு ஸ்பான்சர் செய்வதும், பல சமயம், அவருக்குப் பம்பும் மெம்பிரேனும் விற்கும் கம்பெனி. மேடையில் முதல் வரிசையில் போர்டு அதிகாரி. ஆலை நடத்தும் அனுமதியைப் புதுப்பிக்க நாளைக்கு அவரைத்தான் போய்ப் பார்க்க வேண்டும். இப்படி ஒரு மண்டபத்தில் உட்கார்ந்துகொண்டு யார் எதைப் பேசுவது? சங்கச் செயலாளர் நல்ல மனிதர், அவரைக் குறை சொல்லி ஒன்றும் ஆகப்போவதில்லை.

புதுத் திட்டம் சுற்றுச்சூழலை எப்படிப் பாதிக்கும் என்று பார்க்கும் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடும் இதே கட்டுக்குள்தான் நடக்கிறது. மத்திய அரசின் 2006 அறிவிக்கையின்படி திட்டம் போடுபவரே ஆலோசகரை அமர்த்துவார், அவரே காசு கொடுப்பார், அந்த அறிக்கையை வைத்து அரசு முடிவெடுக்கும். ரத்னகிரியில் ஒரு பாக்சைட் சுரங்கத்துக்கான அறிக்கையில் ரஷ்யச் சுரங்க அறிக்கையிலிருந்து பத்தி பத்தியாக எடுத்து ஒட்டியிருந்தார்கள். கொங்கணக் கடற்கரையில் ரஷ்யக் காட்டு மரங்கள் முளைத்த கதை துறையில் எல்லோருக்கும் தெரியும். அதற்கப்புறம் ஆலோசகர்களுக்கு நேபெட் என்ற தர அமைப்பின் அங்கீகாரம் கட்டாயமானது. இப்போது அறிக்கையில் ஒருங்கிணைப்பாளர் பெயர், ஒவ்வொரு பிரிவின் நிபுணர் பெயர், கையெழுத்து எல்லாம் இருக்கும். அதாவது தனி மனிதன் கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொள்கிறான். போட மாட்டேன் என்று சொன்னால் அவனுக்குத் துணை யாரும் இல்லை. பட்டயக் கணக்காளர்களுக்குச் சட்டப்படி ஒரு நிறுவனம் இருக்கிறது, வழக்கறிஞர்களுக்கு பார் கவுன்சில். அவையும் ஒழுங்காக நடக்கின்றனவா என்ற வாதத்துக்குள் போகவில்லை. தொழில் நெறி என்று காட்டி மறுப்பதற்கு அவர்களுக்கு ஒரு காகிதமாவது இருக்கிறது. நமக்கு அதுவும் கிடையாது.

எனக்குத் தெரிந்த ஒரு இளைஞர், கோடைகாலக் காற்று அளவீட்டை எடுக்காமலே எண்களை நிரப்பச் சொன்னதற்கு மறுத்தார். வேலை போயிற்று. எந்த நிறுவனம் என்பது இங்கே முக்கியமில்லை. இப்போது அவர் சோலார் பேனல் விற்கிறார், நன்றாகவே சம்பாதிக்கிறார், திரும்பி வரும் எண்ணம் இல்லை. சங்கக் குழுவில் அவருக்கு வந்த பதில், “தம்பி, கொஞ்சம் அனுசரிச்சுப் போயிருக்கலாம்.” இதை எழுதியவர் முன்னாள் நிர்வாகி.

வெளிநாட்டில் எப்படி என்று கேட்பீர்கள். கலிபோர்னியாவில் 1974லிருந்து ஒரு சுற்றுச்சூழல் தொழில்முறையாளர் சங்கம் இருக்கிறது. மாநிலத்தின் பல வட்டாரங்களில் கிளைகள். அவர்களும் விருந்து வைக்கிறார்கள், விருது கொடுக்கிறார்கள், வேலைவாய்ப்பு போடுகிறார்கள். ஆனால் அந்த மாநிலத்துச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தையும் அதன் வழிகாட்டு விதிகளையும் ஆண்டுதோறும் திருத்தங்களோடு தொகுத்து வெளியிடுவதும் அவர்கள்தான். திட்டம் போடுபவரின் வக்கீலும், அதை எதிர்க்கும் தெருக்காரரும், அனுமதி கொடுக்கும் அதிகாரியும் அதே தொகுப்பைப் பிரிக்கலாம். அங்கேயும் காசு கொடுப்பவன் கை ஓங்கித்தான் இருக்கும், சந்தேகமில்லை. இருந்தாலும் பொதுமக்களுக்கு ஒரு பொருளைச் செய்து கொடுக்கிறது ஒரு தொழில்முறைச் சங்கம். நாம் மஞ்சப்பை கொடுக்கிறோம்.

நம்மால் முடியாததா? பொது மக்கள் கருத்துக் கேட்புக்கு முப்பது நாள் அவகாசம் கொடுத்து, அறிக்கையின் சுருக்கத்தைத் தமிழிலும் வைக்க வேண்டும் என்று அறிவிக்கை சொல்கிறது. வைக்கிறார்கள். அதைப் படித்து ஊர்த்தலைவரோ, பள்ளி ஆசிரியரோ, ஏன் நானோ புரிந்துகொள்ள முடியாது. நம் வட்டாரத்துக்கு வரும் ஒவ்வொரு சுருக்கத்தையும் நான்கு பக்கத்தில் நல்ல தமிழில் எழுதி, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கழிவு எங்கே போகிறது, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று மட்டும் சொல்லி, ஆதரவும் இல்லாமல் எதிர்ப்பும் இல்லாமல் வெளியிட்டால் போதும். முதலாளிகளுக்கும் அது நல்லதுதான். புரியாததால் வரும் பயம்தான் பாதிக் கூட்டங்களில் கூச்சலாகிறது.

இன்னொன்று, இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். சங்கத்தில் உறுப்பினராகப் பட்டம் வேண்டும் என்கிறது விதி. ஆலையை ராத்திரி பகலாக ஓட்டும் ஆபரேட்டருக்கும், டேங்குக்குள் இறங்கி ஸ்லட்ஜ் அள்ளுபவருக்கும் இடமில்லை. வாட்ஸப் குழுவில் மட்டும் இருக்கலாம், ஓட்டு கிடையாது. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுச் சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்து ஆலையில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் சேறு பாய்ந்தது. பத்துப் பேர் செத்தார்கள். பெரும்பாலும் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஒரு தொட்டியில் அளவுக்கு மேல் ஏற்றியிருக்கிறார்களா, எந்தச் சுவரில் ஈரம் கசிகிறது என்பதெல்லாம் முதலில் தெரிவது அங்கே நிற்பவருக்குத்தான். பி.எச்டி. முடித்தவருக்கு அது அறிக்கையில் வரும்போதுதான் தெரியும். சுற்றுச்சூழல் வேலையில் உயிரைப் பணயம் வைப்பவரை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே ஓவியப் போட்டி நடத்துவது எந்த ஊர் நியாயம்?

நண்பர் ஒருவர் இந்தப் பதிவின் வரைவைப் பார்த்துவிட்டு, “சங்கம் சண்டைக்கு நின்றால் ஆலைக்காரர்கள் விலகிவிடுவார்கள், அப்புறம் சந்தாவுக்கு எங்கே போவது?” என்றார். விலகலாம். எனக்கு அவ்வளவு பயமில்லை. 2011 மூடலில் அதிகம் அடிபட்டவர்கள் ஒழுங்காகச் சுத்திகரித்துக்கொண்டிருந்த சிலர்தான். பக்கத்து ஆலை திறந்துவிட்ட தண்ணீருக்காக இவர்கள் கேட்டுக்கும் பூட்டு விழுந்தது. இன்றைக்கும் அனுமதி இல்லாத பட்டறை பாதி விலையில் சாயம் போட்டுக் கொடுக்கும்போது, ஜீரோ டிஸ்சார்ஜுக்குக் கோடிகளில் கடன் வாங்கியவர்தான் ஆர்டரை இழக்கிறார். உண்மையான எண்கள் வெளியே வந்தால் அவருக்கு லாபமே தவிர நட்டமில்லை. அவர்களோடு உட்கார்ந்து பேசினால் புரிந்துகொள்வார்கள் என்றே நினைக்கிறேன். புரிந்துகொள்ளாதவர்களின் சந்தாவில் சாப்பாடு போடாவிட்டால் என்ன, தயிர்ச்சாதப் பொட்டலம் போதும்.

வரும் பொதுக்குழுவில் இரண்டு தீர்மானங்கள் கொண்டுவரப் போகிறேன். பொய்யான எண்ணுக்குக் கையெழுத்துப் போட மறுக்கும் உறுப்பினருக்குச் சங்கத்தின் பெயரில் ஒரு கடிதமும், தேவைப்பட்டால் வக்கீல் செலவும். ஆபரேட்டர்களுக்கு ஓட்டுரிமையோடு உறுப்பினர் சேர்க்கை. கிணற்று நீர் அளவீடுகளை, ஆலைப் பெயர் இல்லாமல், கிராமவாரியாகச் சேர்த்து வெளியிடுவது மூன்றாவதாக இருந்தது. அதற்கு லேப்காரர்கள் சிலரிடம் இன்னும் பேச வேண்டியிருக்கிறது, அடுத்த வருடம் பார்க்கலாம். முதல் இரண்டையும் முன்மொழிய நான் இருக்கிறேன். விதிப்படி வழிமொழிய ஒருவர் வேண்டும். குழுவில் கட்டைவிரல் காட்டுபவர்கள் அன்றைக்கு நேரில் வந்து கை தூக்குங்கள். வெளியூரில் இருப்பவர்கள் ப்ராக்ஸி கடிதம் கொடுக்கலாமா என்று செயலாளரிடம் கேட்டிருக்கிறேன், பதில் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.