களவா மீனும் 377-வது பிரிவும்

"கடல்ல கூட ஆண் ஆண்தான், பெண் பெண்தான், மாறுறதெல்லாம் வெள்ளைக்காரன் இறக்குமதி" என்று எழுதியிருக்கும் அண்ணனுக்கு: இரண்டுமே தவறு. நம்ம ஊர்ப் பிள்ளைகள் படித்து நம்பிவிடக் கூடாதே என்றுதான் எழுதுகிறேன்.

பாம்பன், மண்டபம் பக்கம் பிடிபடும் களவாவையே எடுத்துக்கொள்ளுங்கள். அது முதலில் பெண்ணாகத்தான் பருவமடையும். அந்த அளவில் அறுத்தால் உள்ளே சினை இருக்கும். நன்றாக வளர்ந்தபின் சினைப்பையே விந்துப்பையாக மாறி, அதே மீன் ஆணாகிவிடும். பவளப்பாறையில் இருக்கும் கோமாளி மீன் இதற்கு நேர்மாறு: கூட்டத்துப் பெண் செத்துப்போனால், பெரிய ஆண் பெண்ணாகும்.

அதற்காக மீனைக் காட்டி மனிதருக்கு நியாயம் பேசவும் வேண்டாம். மனித உடல் அப்படித் தானாக மாறாது. திருநங்கை, திருநம்பி உள்ளிட்ட திருநர் உரிமையை உச்ச நீதிமன்றம் 2014-ல் அரசமைப்புச் சட்டத்தை வைத்துத்தான் உறுதிசெய்தது. தமிழ்நாட்டில் அதற்கு முன்பே, 2008-ல், நலவாரியம் வந்துவிட்டது.

வெள்ளைக்காரன் கொண்டுவந்தது தடையைத்தான் அண்ணே: 1860-ல் இயற்றிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-வது பிரிவு. 'இயற்கைக்கு மாறான' உறவு என்று சொல்லி, ஒரே பாலினத்தவர் சேர்வதையும் அது குற்றமாக்கியது. வயதுவந்த இருவர் மனமொத்துச் சேர்வது அதன்படி குற்றமாகாது என்று 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.