கடைசிக்கு முந்தைய ஆள்

2022 கால்பந்து உலகக் கோப்பையின் முதல் ஆட்டம். மூன்றாவது நிமிடத்திலேயே எக்குவடாரின் என்னர் வலென்சியா தலையால் முட்டிப் பந்தைக் கத்தாரின் வலைக்குள் தள்ளினார். கொண்டாடி முடிப்பதற்குள் கோல் இல்லை, ஆஃப்சைடு என்றார்கள்; அதாவது, பந்து வருவதற்கு முன்பே எதிரணியின் கோலை அளவுக்கு மீறி நெருங்கி நின்ற தப்பு. கூடவே பார்த்துக்கொண்டிருந்த நண்பர் கொதித்துவிட்டார். "கோல் பக்கம் கத்தார்காரர் ஒருவர் நிற்கிறாரே, பிறகு எப்படி ஆஃப்சைடு?" எனக்கும் சட்டென்று பதில் வரவில்லை.

மறுபடி போட்டுக் காட்டியபோதுதான் விளங்கியது. உயரமாக வந்த பந்துக்காகக் கோல்கீப்பர் முன்னே பாய்ந்து வந்துவிட்டார். அந்தத் தாக்குதலில் பங்கெடுத்த எக்குவடாரின் எஸ்ட்ராடா நீட்டிய காலுக்கும் கோல் கோட்டுக்கும் இடையே எதிரணியில் மிஞ்சியது அந்த ஒருவர் மட்டுமே. பந்துக்கு முன்னால் நிற்கிறவருக்கு, சக வீரர் பந்தை ஆடும் கணத்தில் எதிராளிகள் இருவராவது அப்படி இருக்க வேண்டும். அந்த இருவரில் ஒருவர் கோல்கீப்பராக இருக்க வேண்டும் என்று விதி எங்கும் சொல்லவில்லை. கோல் கோட்டிலிருந்து எண்ணி வந்தால் இரண்டாவது எதிராளி யாரோ, அவர்தான் அளவுகோல். பெரும்பாலும் முதல் ஆள் கோல்கீப்பராகவே இருந்துவிடுவதால், "கடைசித் தடுப்பாட்டக்காரர்" என்று வர்ணனையாளர்கள் சுருக்கிச் சொல்லி நம்மைக் கெடுத்துவைத்திருக்கிறார்கள். விதியில் குழப்பமில்லை, இந்தச் சுருக்கத்தில்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

கோல் வாசலிலேயே காத்துக்கிடந்து பந்தைத் தட்டிவிட்டுப் போகிறவனைத் தடுக்க வந்த விதி இது. 1863-ல் பந்துக்கு முன்னால் நின்றாலே தப்பு. ஒரே வேரில் கிளைத்த ரக்பி இன்றும் ஏறக்குறைய அங்கேயே நிற்கிறது. அதனால்தான் அங்கே கையால் முன்னோக்கிப் பந்தை வீசக்கூடாது. கால்பந்து இறங்கி வந்தது. 1866-ல் எதிராளிகள் மூவர் இருந்தால் போதும் என்றது, 1925-ல் இருவர் போதும் என்றது, 1990-ல் அந்த இரண்டாவது ஆளுக்கு நேராக நின்றாலும் சரி என்றது. ஹாக்கியோ 1990-களில் ஆஃப்சைடையே தூக்கி எறிந்துவிட்டது.

ஹேண்ட்பால், அதாவது பந்து கையில் படும் தப்பு என்று வந்தால், விதியில் குழப்பமில்லை என்று சொல்லும் தைரியமெல்லாம் எனக்குக் கிடையாது. முன்கள வீரரின் கையில் தற்செயலாகப் பட்டு நேரே வலைக்குள் போனால் கோல் இல்லை. அதே தற்செயல் தடுப்பாட்டக்காரருக்கு நேர்ந்தால், கை இயல்பான இடத்தில் இருந்ததா என்று நடுவர் யோசிக்க வேண்டும். ஓடி, குதித்து, சறுக்கி விழுகிறவனுக்குக் கை எங்கே இருந்தால் இயல்பு?

"இப்படித்தான் ஆட வேண்டுமா?" என்று நண்பர் எழுந்து, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு குதித்துக் காட்டினார். நேராகச் சோபாவில் போய் விழுந்தார்.