டோர்ட்டியாவுக்குச் சாதாரண மக்காச்சோள மாவு ஆகாது
"மக்காச்சோள மாவை வெந்நீரில் பிசைந்து தட்டினால் மெக்சிகோ டோர்ட்டியா (மெல்லிய ரொட்டி) ரெடி" என்று ஒரு பதிவில் போட்டிருப்பது தப்பு. அந்த மாவு பிடிக்காது. தட்டும்போதே ஓரம் விரியும், மடித்தால் இரண்டாக உடையும். எவ்வளவு பிசைந்தாலும் அப்படித்தான்.

மெக்சிகோவில் முழு மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைப்பார்கள். 1 கிலோ காய்ந்த மக்காச்சோளத்துக்குச் சுமார் 10 கிராம் உணவுத்தரச் சுண்ணாம்பு, 3 லிட்டர் தண்ணீர். (நம் வெற்றிலைச் சுண்ணாம்பும் அதே வேதிப்பொருள்தான், ஆனால் வாசனை, கலப்படம் இருக்கும், வேண்டாம்.) குழைய விடாமல், விரலால் தேய்த்தால் தோல் வழுக்கி வரும் பதத்தில் இறக்கி, ராத்திரி முழுக்க ஊறவைத்து, கழுவி அரைப்பார்கள். அதுதான் மாசா. சுண்ணாம்பு தோலை இளக்குவதால் மாவு ஒட்டுகிறது. நியாசினும் (வைட்டமின் பி3) உடம்பில் சேர்கிறது. அவசரத்துக்கு 'மாசா ஆரினா' (உலர்த்திய மாசா மாவு) பாக்கெட் வாங்குங்கள்.