ஆளுக்கொரு கல்

சான் பிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே, மெர்செட் ஏரியைத் தாண்டினால் டேலி சிட்டி. என் தம்பி அங்கே பதினோரு வருடமாக இருக்கிறான். நடக்கிற தூரத்தில் இப்படி ஒரு பலகை இருப்பது போன மாதம் நான் போய்க் காட்டிய பிறகுதான் அவனுக்கே தெரியும். கலிபோர்னியாவின் வரலாற்றுச் சின்னம் எண் 19. செனட்டர் டேவிட் பிராடரிக்கும் நீதிபதி டேவிட் டெரியும் 1859 செப்டம்பர் 13 விடிகாலையில் இங்கே டூயல் (சொல்லிவைத்து எதிரெதிரே நின்று துப்பாக்கிச் சண்டை) போட்டார்கள், பிராடரிக் மூன்றாம் நாள் இறந்தார், அத்தோடு மாநிலத்தில் டூயல் ஒழிந்தது. பலகை சொல்வது அவ்வளவுதான். பக்கத்தில் இரண்டு கிரானைட் கல். ஆளுக்கொன்று, அவரவர் நின்ற இடத்தில்.

எனக்கு இந்தப் பலகையோடு ஒரு சண்டை பாக்கி இருக்கிறது.

எதற்காகச் சுட்டுக்கொண்டார்கள் என்று அதில் ஒரு வார்த்தை இல்லை. படிப்பவர் என்ன நினைப்பார்? இரண்டு பெரிய மனிதர்கள், ஏதோ மானப் பிரச்சினை, ஒண்டிக்கு ஒண்டி நின்று தீர்த்துக்கொண்டார்கள் என்று.

இருவரும் ஒரே டெமாக்ரடிக் கட்சி. பிராடரிக் ஐரிஷ் கல்தச்சர் மகன். அடிமை முறை புதிய இடங்களுக்குப் பரவக் கூடாது என்ற அணி. டெரி மாநில உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி, எதிர் அணி. அந்தப் பதவிக்கு அப்போது தேர்தல்தான். அந்தக் கோடையில் கட்சியின் சாக்ரமென்டோ மாநாட்டில் டெரிக்கு மறுபடி சீட் கிடைக்கவில்லை. மேடையில் நின்று, பிராடரிக் ஆட்களுக்குத் தலைவர் அதே கட்சியின் செனட்டர் ஸ்டீபன் டக்ளஸ் இல்லை, கறுப்பர் ஃபிரடெரிக் டக்ளஸ்தான் என்றார். அடிமையாகப் பிறந்து, தப்பி வந்து, அடிமை முறைக்கு எதிராக ஊர் ஊராகப் பேசிய மனிதரின் பெயர் அங்கே வசவு! பிராடரிக் இதை ஓட்டலில் காலைச் சாப்பாட்டின்போது படித்துவிட்டு, டெரியை நேர்மையான நீதிபதி என்று முன்பு சொன்னதை வாபஸ் வாங்குவதாக டெரியின் நண்பர் காதுபடச் சொன்னார்.

தேர்தல் முடிந்ததும் டெரி ராஜினாமா செய்துவிட்டுச் சவாலுக்கு வந்தார். டூயல் போடுபவரின் ஓட்டுரிமையையே பறிக்கிற சாசனம் 1849இலேயே இருந்தது. தலைமை நீதிபதிக்குத் தெரியாதா என்ன? 12ஆம் தேதி கூடியபோது போலீஸ் வந்து கலைத்தது. இன்னும் குற்றம் எதுவும் நடக்கவில்லையே என்று விட்டுவிட்டார்கள். மறுநாள் அதே வேலை, வேடிக்கை பார்க்கக் கூட்டம் வேறு.

தூரம் பத்துத் தப்படி. துப்பாக்கி டெரி தரப்பு கொண்டுவந்தது. விசை அவ்வளவு மெலிது. பிராடரிக் கையை உயர்த்தும்போதே வெடித்துக் குண்டு மண்ணில் பாய்ந்தது. அதற்குப் பிறகு அவர் செய்யக்கூடியது ஒன்றுதான், அப்படியே நிற்பது. நின்றார். டெரியின் குண்டு நெஞ்சில்.

தம்பியை டெரி கல்லருகே நிறுத்திவிட்டு நான் எதிர்க் கல்லருகே நின்று பார்த்தேன். அவன் சட்டைப் பொத்தானை எண்ண முடிந்தது. “போதும்ணா, எல்லாரும் பாக்கறாங்க” என்றான். எல்லாரும் என்றால் நாயோடு வந்த ஒரு அம்மா.

டெரி வழக்கிலிருந்து விடுதலையானார், உள்நாட்டுப் போரில் தென்மாநிலங்கள் பக்கம் நின்றார். அவர் விட்டுப்போன நாற்காலியில் அடுத்து உட்கார்ந்தவர் ஸ்டீபன் ஃபீல்ட். அந்த ஃபீல்டை, அவர் நாட்டின் உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருக்கும்போது, 1889இல் லேத்ரப் ரயில் நிலைய உணவகத்தில் டெரி அறைந்தார். ஃபீல்டுக்குக் காவலாக வந்த டேவிட் நீகிள் டெரியை அங்கேயே சுட்டுக் கொன்றார். அப்போது யாரும் தப்படி எண்ணவில்லை.

நடுகல் என்றால் விழுந்தவனுக்கு நடுவது. இங்கே சுட்டவருக்கும் ஒன்று. நடுநிலை என்பார்கள். டெரி கல்லைப் பிடுங்கச் சொல்லவில்லை. அது இருந்தால்தான் எவ்வளவு பக்கத்திலிருந்து சுட்டார் என்று தெரியும். பலகையில் ‘அடிமை முறை’ என்று இரண்டு சொல் சேர்க்கட்டும். கேட்டு மின்னஞ்சல் எழுதி வைத்திருக்கிறேன். உள்ளூர்க்காரன் கேட்டால்தான் மதிப்பார்கள் என்று தம்பி பெயரைப் போட்டிருக்கிறேன். அவனிடம் இன்னும் சொல்லவில்லை.