கிணற்றை இறைத்தால் உப்புப் போகாது

கடல்நீர் புகுந்த கிணற்றைத் தொண்டர்கள் பம்ப் போட்டு அடிவரை திரும்பத் திரும்ப இறைத்து, குளோரின் போட்டால் இரண்டு நாளில் குடிக்கலாம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நல்ல மனதோடுதான் எழுதியிருக்கிறார், ஆனால் பிழை.

2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையின் கிழக்குக் கரையில், நிலாவெளிப் பக்கம் இப்படி இறைக்கப் போன பொடியன்களில் நானும் ஒருவன். வேர்த்து விறுவிறுத்து இறைத்தோம், மறுநாளும் உப்புத்தான். காரணம் பிறகுதான் விளங்கியது. நம் கரையோர மணலுக்குள் நல்ல தண்ணீர், கனமான உப்புத் தண்ணீருக்கு மேல் மிதக்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அந்த மேல்படை மெலிந்து, கீழேயுள்ள உப்பு ஏறி வரும். மட்டக்களப்புக் கரையோரக் கிணறுகளை அப்போது ஆராய்ந்தவர்களும் இதைத்தான் எச்சரித்தார்கள்.

அதற்காக இறைக்கவே கூடாது என்றில்லை. சேறு, குப்பை, செத்த பிராணிகளை அகற்றி, மெதுவாக ஒருமுறை இறைக்கலாம். அப்புறம் விட்டுவிட வேண்டும். உப்பைக் கழுவுவது மாரி மழைதான். ஒரு மாரி போதாமலும் போகலாம். குளோரின் கிருமியைத்தான் கொல்லும், உப்பைத் தொடாது. அதுவரை குடிக்க பவுசரில், அதாவது தண்ணீர் வண்டியில், வரும் தண்ணீர்தான். தொண்டர்களின் கை அங்கேதான் தேவை: தாங்கி வைக்க, வீடு வீடாகத் தண்ணீர் கொடுக்க.