ஒரே ஒரு சின்ன ஓட்டை

(கொட்டகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். தொழிலாளர் லயத்துக்குப் பின்னால் படங்கு கட்டிய கொட்டகையில் வெள்ளை மொரிஸ் மைனர் ஒன்று நிற்கிறது. பழைய காலத்து 'ஸ்ரீ' நம்பர் பிளேட். தூரத்திலிருந்து பார்த்தால் நல்ல கார். த்ரீவீல் ஓட்டும் ரவி அதை வாங்கியதும் தூரத்திலிருந்து பார்த்துத்தான். அவனுடைய தாய்மாமன் ராசையா, இஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) மெஷின் பிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர், ஒரு பழைய ஸ்குரூ டிரைவரோடு வருகிறார். தூறல் விட்டபாடில்லை.)

ரவி: வாங்க மாமா, வாங்க. சின்ன வேலைதான். வலது பக்கக் கதவுக்குக் கீழே ஒரே ஒரு ஓட்டை. ஒரு துண்டுத் தகரம் வைத்து நாலு பொட்டு வெல்டிங் அடித்தால் சரி. தேத்தண்ணி ஆறுவதற்குள் முடித்துவிடலாம்.

ராசையா: தேத்தண்ணி எங்கே?

ரவி: வேலை முடியட்டும் மாமா.

ராசையா: அப்படியென்றால் இன்றைக்கு எனக்குத் தேத்தண்ணி இல்லை. எவ்வளவுக்கு வாங்கினாய் இதை?

ரவி: அதை மட்டும் கேட்காதீர்கள். 2020-இல் வாகன இறக்குமதியை நிறுத்தினார்களே, அப்போது பழைய கார் எல்லாம் தங்க விலைக்குப் போனது. 2025-இல் திறந்துவிட்டார்கள் என்று பெயர், வரியைப் பார்த்தால் புதுக்கார் இருக்கிற ரோட்டுப் பக்கமே போக முடியாது. ஆனால் நான் இதை ஓட்டுவதற்கு வாங்கவில்லை மாமா. கல்யாண ஹயருக்கு. இப்போது மாப்பிள்ளை பொண்ணு எல்லாம் பழைய காரில்தான் போட்டோ எடுக்கிறார்கள். அடுத்த மாதம் ஹட்டனில் ஒரு கல்யாணம், அட்வான்ஸ் கூட வாங்கியாச்சு.

ராசையா: நல்லது. அட்வான்ஸ் காசு எங்கே?

ரவி: அதோ. (பெட்டி பிரிக்காத வெல்டிங் பிளான்டைக் காட்டுகிறான்.)

(ராசையா ஒரு சாக்கை விரித்து முழங்காலில் உட்காருகிறார். ஸ்குரூ டிரைவரின் பிடியால் கதவுக்குக் கீழ்த் தகரத்தைத் தட்டிக்கொண்டே போகிறார். டங். டங். டங். பொத். திருப்பிப் பிடித்து முனையால் ஒரு குத்து. பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது.)

ரவி: ஐயோ மாமா! நீங்களே ஓட்டை போட்டால் எப்படி?

ராசையா: நான் எங்கே போட்டேன்? பெயின்ட்தான் இத்தனை நாளும் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டு இருந்தது. வெளியே ஓர் அங்குலம் தெரிந்தால் உள்ளே எட்டு அங்குலம் இருக்கும். துரு உள்ளேயிருந்து வெளியே வருகிற ஆள். உன் வீட்டில் ரேடியோ ஸ்பீக்கர் உடைந்தது ஏதாவது கிடக்கிறதா? அதிலிருக்கிற காந்தத்தைக் கழற்றிக் கொண்டு வா.

(ரவி கொண்டு வருகிறான். ராசையா காந்தத்தைப் பின்சக்கரத்துக்கு மேலே வைக்கிறார். அது நிதானமாக வழுக்கிக் கீழே விழுகிறது. இன்னோர் இடம். விழுகிறது. கூரையில் வைக்கிறார், ஒட்டிக்கொள்கிறது.)

ரவி: பார்த்தீர்களா, ஒட்டுகிறது!

ராசையா: ஆமாம், கூரை கார்தான். மற்றதெல்லாம் பட்டிப் பூச்சு.

(ஒரு விரல் தடிப்புக்குப் பூசிய பட்டியை நெம்பி எடுக்கிறார். அதற்குள்ளே சுருட்டி அடைத்த பழைய பேப்பர். ராசையா மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, பழுப்பேறிய தாளை மெதுவாகப் பிரிக்கிறார். சத்தமே இல்லை.)

ரவி: மாமா?

ராசையா: பொறு. அரவிந்த டி சில்வா 107. ஆட்டமிழக்காமல். மூன்று விக்கெட் வேறு.

ரவி: 1996-ஆ? உலகக் கிண்ணம்?

ராசையா: லாகூர் பைனல். அன்றைக்கு இஸ்டோரில் ஒருத்தனும் வேலை செய்யவில்லை. (தாளை மடித்துச் சட்டைப் பையில் வைக்கிறார்.) இதை அடைத்த மெக்கானிக் பாஸ் நல்ல கிரிக்கெட் ரசிகன், ஆனால் படுபாவி. பேப்பர் ஈரத்தைக் குடித்துக் குடித்து முப்பது வருடத்துக்குக் கிட்ட இந்தத் தகரத்துக்கு ஊட்டியிருக்கிறது. எந்த ஊர்க்காரன் உனக்கு விற்றது?

ரவி: நீர்கொழும்புப் பக்கம். ஆனால் மாமா, வீடியோவில் ஒரு வெள்ளைக்காரன் சொன்னான், இங்கிலாந்தில் குளிர்காலத்தில் ஐஸுக்காக ரோட்டில் உப்புப் போடுவார்களாம், அதனால்தான் அங்கே கார் துருப்பிடிக்கிறதாம். நம் ரோட்டில் யார் உப்புப் போடுகிறார்கள்?

ராசையா: நீர்கொழும்பில் ரோட்டில் போடத் தேவையில்லை, கடல் காற்றே கொண்டுவந்து போடும். அங்கே உப்பைத் தின்றுவிட்டு இங்கே வந்து பனியைக் குடிக்கிறது. நீயும் உன் பங்குக்குப் படங்கை இறுக்கிக் கட்டி வைத்திருக்கிறாய். மேலே மழை படாது சரி, அடியில் ஈரம் வெளியே போக வழி எங்கே? நாலு பக்கமும் காற்று ஓடுகிற மாதிரி தூக்கிக் கட்டு. சரி, ஜாக்கியை எடு, அடிப்பக்கம் பார்ப்போம்.

(ரவி முன் சீட்டுக்கு நேர் கீழே, குறுக்கே ஓடும் பெட்டியின் நுனியில் ஜாக்கியை வைத்து அடிக்கிறான். ஜாக்கி ஏறுகிறது.)

ரவி: நல்ல ஜாக்கி மாமா, பாரமே தெரியவில்லை.

ராசையா: கார் ஏறுகிறதா?

ரவி: ...இல்லை.

ராசையா: ஜாக்கி மட்டும் ஏறுகிறது. நிறுத்துடா, நிறுத்து, இன்னும் ரெண்டு அடி அடித்தால் சீட்டுக்குள்ளே வந்து உட்காரும். (கீழே எட்டிப் பார்க்கிறார். கருஞ்சிவப்புச் செதில்கள் தாள் தாளாக உதிர்கின்றன. ஒன்றை எடுத்து விரலால் நசுக்குகிறார், தூளாகப் போகிறது.) இங்கே பார். மைனருக்கு லொறி மாதிரித் தனியாக சேஸிச் சட்டம் கிடையாது, காரின் உடம்புத் தகரம்தான் சேஸி. முன்சக்கரத்தின் பாரத்தைத் தாங்குகிற முறுக்குக் கம்பி இருக்கிறதே, அதன் பின்நுனி வந்து பிடிப்பது இந்தக் குறுக்குப் பெட்டியில்தான். இது போனால் கார் முன்னால் படுத்துவிடும்.

ரவி: அந்த வெள்ளைக்காரனும் ஒரு கணக்குச் சொன்னான். அவர்கள் நாட்டில் எம்.ஓ.டி. என்று வருடா வருடம் ஒரு சோதனையாம். சஸ்பென்ஷன், ஸ்டியரிங், சீட் பெல்ட் பிடிக்கிற இடத்திலிருந்து 30 சென்டிமீற்றருக்குள் துருப் பிடித்துப் பலம் போயிருந்தால் பெயில். அதற்கு வெளியே என்றால் அவ்வளவு கண்டிப்பு இல்லை.

ராசையா: உன் காரில் அந்த முப்பதுக்கு வெளியே என்ன மிச்சம் இருக்கிறது? ஹோர்ன் மட்டும்தான்.

ரவி: அங்கேயும் 40 வருடம் தாண்டிய காருக்கு அந்தச் சோதனை கட்டாயம் இல்லையாம் மாமா. இங்கே நமக்குப் புகைச் சோதனை மட்டும்தான். அது பாஸ்.

ராசையா: புகை பாஸ், தரை பெயில். பொண்ணு கூறைச்சேலையோடு ஏறி உட்கார்ந்து காலை ஊன்றினால் ஒரு கால் ரோட்டில் இருக்கும். மாப்பிள்ளையும் இறங்கித் தள்ளினால் பெட்ரோல் மிச்சம்.

ரவி: அதற்குத்தானே மாமா தகரம் வாங்கி வைத்திருக்கிறேன்! கடையில் 20 கேஜ் காட்டினார்கள், நான் விடவில்லை. பொண்ணு மாப்பிள்ளை ஏறுகிற வண்டி, பலமாக இருக்கட்டும் என்று 24 கேஜ் கேட்டு வாங்கினேன்.

(ராசையா தகரத்தை இரண்டு விரலால் தூக்குகிறார். அது ஆடுகிறது.)

ராசையா: டேய், கேஜ் நம்பர் ஏற ஏறத் தகரம் மெலியும். 20 கேஜ் ஒரு மில்லிமீற்றருக்குக் கொஞ்சம் குறைவு, 18 கேஜ் 1.2. நீ வாங்கின 24 வெறும் 0.6. தரைக்கு 20 போதும், அந்தக் குறுக்குப் பெட்டிக்கு 18-க்குக் குறையக்கூடாது. இதைக் கொண்டுபோய்க் கொடுத்து மாற்று.

ரவி: மாற்ற மாட்டார்கள். பரவாயில்லை, பழைய லயத்துக் கூரைத் தகரம் ரெண்டு கிடக்கிறது, அதை மடித்து ரெட்டையாக...

ராசையா: நாகத் தகரமா, துத்தநாகம் பூசினதா? அதன் கதையைக் கேள். நான் ஒருமுறை இஸ்டோரில் நாகம் பூசின தண்ணீர்க் குழாயை உள்ளுக்குள்ளேயே வைத்து நாள் முழுக்க வெல்டிங் அடித்தேன். வெள்ளை வெள்ளையாகப் புகை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் வாயில் ஓர் இனிப்பு, அப்புறம் உடம்பெல்லாம் நடுக்கம், காய்ச்சல். உன் அம்மா என்ன செய்தாள் தெரியுமா? சுடுகாட்டுப் பாதையால் வந்ததில் ஏதோ பிடித்துவிட்டது என்று பூசாரியைக் கூட்டிவந்துவிட்டாள். அவர் உடுக்கை அடித்து, திருநீறு போட்டு, எலுமிச்சம்பழம் வெட்டினார். அடுத்த நாள் காய்ச்சல் இறங்கிவிட்டது.

ரவி: பார்த்தீர்களா!

ராசையா: என்னத்தைப் பார்க்கிறது? நாகப் புகைக் காய்ச்சல் ஒரு நாள் ரெண்டு நாளில் தானாக இறங்கும். பெயர் பூசாரிக்கு, சேவலும் பூசாரிக்கு. நாகத் தகரம் வேண்டாம். வேறு வழியே இல்லையென்றால் ஓரத்தில் இருக்கிற நாகத்தைக் கிரைண்டரால் மழுக்கி எடுத்துவிட்டுத்தான் நெருப்பு வைக்க வேண்டும், அதுவும் காற்று இருக்கிற இடத்தில், காற்றுக்கு முதுகைக் காட்டாமல் புகை முகத்துக்கு வராத பக்கமாக நின்று. பெட்ரோல் டேங்க் எங்கே?

ரவி: டிக்கி தரைக்கு அடியில். பயப்படாதீர்கள், காலி டேங்க்தான்.

ராசையா: (எழுந்து இரண்டு அடி பின்னால் போகிறார்.) காலி டேங்க்தான்டா பொல்லாதது. பெட்ரோல் எரியும், ஆவி வெடிக்கும். கழற்றி அந்தக் கொய்யா மரத்துக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் வை. பேட்டரி வயரையும் கழற்று. கார்ப்பெட், சீட் எல்லாம் வெளியே. ஒரு வாளி தண்ணீர், ஒரு ஈரச் சாக்கு. வேலை முடிந்தும் ஒரு மணித்தியாலம் பக்கத்திலேயே இரு, அடியில் பூசின தார் எப்போது புகையும் என்று சொல்ல முடியாது.

(எல்லாவற்றையும் இறக்கி வைத்ததும் காரில் என்ன மிச்சம் என்று பார்த்தால், சொல்லும்படி ஒன்றுமில்லை. ரவி பிளான்டைப் பிரித்து, ஒரு துண்டு 24 கேஜில் பழகிப் பார்க்க, கூலிங் கிளாஸை மாட்டிக்கொள்கிறான்.)

ராசையா: கழற்று அதை! அதைப் போட்டு அடித்தால் இப்போது ஒன்றும் தெரியாது, நடுச்சாமத்தில் கண்ணுக்குள் மணல் அரைக்கும். என் முகமூடியைப் பிடி, 11-ஆம் நம்பர் கறுப்புக் கண்ணாடி. எந்த வெல்டிங் ரொட்?

ரவி: 3.2 மில்லிமீற்றர். கேட் அடிக்கிற கடையில் தந்தார்கள்.

ராசையா: அடி பார்ப்போம்.

(ஒரு 'சர்ர்'. ஒரு பளிச். தகரத்தில் ஐந்து ரூபாய்க் குற்றி அளவுக்கு ஓட்டை. அதே நேரம் லயத்தில் ஒரு வரிசைக்கு மின்சாரம் போகிறது. உள்ளேயிருந்து பல குரல்கள், எல்லாம் நாடகம் பார்த்துக்கொண்டிருந்தவர்கள். ரவியின் பிறப்பைப் பற்றி அவர்கள் கேட்ட கேள்விகளை இங்கே எழுதுவதற்கில்லை.)

ரவி: தொட்டால் ஓட்டை விழுகிறது, தொடாவிட்டால் ஒட்டவில்லை. என்ன மாமா இது?

ராசையா: கேட்டுக்கு அடிக்கிற ரொட்டைக் கொண்டுவந்து கார்த் தகரத்தில் வைத்தால் வேறு என்ன நடக்கும்? கம்பி தானாக வருகிற மிக் பிளான்ட், 0.8 கம்பி, அது இருந்தால் சுகம். காற்று அடிக்கிற இந்த இடத்தில், உருகுகிற இடத்தைக் காக்கக் காஸ் போட்டால் காஸ் நுவரெலியாவுக்குப் போய்விடும், அதனால் உள்ளே மருந்து வைத்த கம்பி. ரொட்தான் இருக்கிறது என்றால் 2 மில்லிமீற்றர் வாங்கி, கரன்டைக் குறைத்து வை. அப்புறம் பொட்டுப் பொட்டாக. இந்த மூலையில் ஒன்று, எதிர் மூலையில் ஒன்று, சூடு ஆறட்டும், பிறகு நடுவில் ஒன்று. ஒரே இழுப்பாக இழுத்தால் தகரம் அப்பளமாக நெளியும். பொட்டுகளுக்கு இடையை நிரப்பி நிரப்பிக் கடைசியில் சுற்றிவர ஒரே கோடாக மூட வேண்டும். அதற்கெல்லாம் முன்னால் துருவை நல்ல தகரம் வருகிற வரைக்கும் வெட்டித் தள்ள வேண்டும்.

ரவி: நல்ல தகரம் எங்கே வரும்?

ராசையா: கூரையில்.

(சிறிது நேரம் இருவரும் மழையைப் பார்க்கிறார்கள்.)

ராசையா: ரெண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் வெட்டிவிடாதே. கதவு வாசலுக்குக் குறுக்கே ஒரு இரும்பு ஆங்கிளைப் பொட்டு வைத்துப் பிடித்துவிட்டு, ஒரு பக்கம் முடித்து அடுத்த பக்கம். இல்லையென்றால் கார் நடுவில் தொய்ந்து கதவு இறுகிவிடும். பொண்ணு உள்ளே போனால் வெளியே வர முடியாது.

ரவி: கல்யாணம் என்றால் அப்படித்தானே மாமா.

ராசையா: உன் அத்தை காதில் விழப்போகிறது, மெல்லப் பேசு. வெல்டிங் முடிந்ததும் மழுக்கி, பிரைமர் அடித்து, மூட்டுக்கெல்லாம் சீலர் பூசி, பெட்டிக்கு உள்ளே கழிவு எண்ணெய் விட வேண்டும். அடியில் தண்ணீர் வடிகிற சின்ன ஓட்டை இருக்கும், அதையும் ஓட்டை என்று நினைத்து அடைத்துவிடாதே.

ரவி: அடுத்த மாதத்துக்குள் முடியுமா?

ராசையா: எந்த வருடம்?

(போன் அடிக்கிறது. ரவி எடுக்கிறான், முகம் வெளிறுகிறது. கையால் போனைப் பொத்திக்கொள்கிறான்.)

ரவி: மாப்பிள்ளையின் அண்ணன். போட்டோக்காரர் கேட்கிறாராம், நம்ம கார் மேல் திறக்கிற மாடலா என்று.

ராசையா: உள்ளதைச் சொல்லு. மேல் திறக்காது, கீழ் திறந்துதான் இருக்கிறது, பொண்ணு மாப்பிள்ளை செருப்புப் போட்டு வந்தால் நல்லது என்று சொல்லு.