21 நாளில் பழக்கம் படியுமா?

"எதையும் 21 நாள் விடாமல் செய்தால் பழக்கமாகிவிடும், ஒரு நாள் தவறினாலும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் தகவல் தவறு.

இந்த 21 வந்த வழி வேறு. அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் மேக்ஸ்வெல் மால்ட்ஸ் 1960-இல் வெளியிட்ட நூலில், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் தங்கள் புதிய முகத்துக்குப் பழக 'குறைந்தது சுமார் 21 நாள்' ஆகிறது என்று எழுதினார். அது ஆய்வல்ல, அவர் கண்ணில் பட்டது. பின்னால் வந்தவர்கள் 'குறைந்தது', 'சுமார்' இரண்டையும் கழற்றிவிட்டார்கள்.

முறையாக அளந்தவர் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜின் ஃபிலிப்பா லாலி. 96 பேர் ஆளுக்கொரு செயலைத் தேர்ந்தெடுத்து, 84 நாள்களுக்கு அதைத் தினமும் ஒரே சூழலில் செய்து, அது எவ்வளவு தன்னிச்சையாக நடக்கிறது என்று பதிவு செய்தார்கள். பழக்கம் படிய ஆன காலத்தின் நடு மதிப்பு 66 நாள். வீச்சு 18 முதல் 254 வரை. இதில் 254 என்பது நேரில் அளந்தது அல்ல, 84 நாள் தரவில் தெரிந்த போக்கை நீட்டிக் கணித்தது. ஆகவே 66-ஐயும் புதிய மந்திர எண்ணாக்க வேண்டாம். தண்ணீர் குடிப்பது சீக்கிரம் படிந்தது, உடற்பயிற்சிக்கு அதிக நாள் பிடித்தது.

ஒரு நாள் விட்டதால் பெரிய பாதிப்பு எதுவும் தெரியவில்லை. 'கணக்கு போச்சு' என்று நினைத்துக் கைவிட வேண்டாம்.

செய்ய வேண்டியது: புதிய செயலை ஏற்கெனவே தினமும் நடக்கும் ஒன்றோடு கட்டுங்கள். 'காலையில் நடப்பேன்' என்பது தளர்ந்துவிடும். 'காபி டம்ளரைக் கழுவி வைத்ததும் 10 நிமிடம் நடப்பேன்' என்பது நிற்கும்.